அக்ரிலிக் ஷீட்டை மெஷினில் வெட்டும்போது கீறல் விழாமல் காப்பது எப்படி?

அக்ரிலிக் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஷீட்டில் கீறலைப் பார்த்ததும் மெஷினைத்தான் சந்தேகப்படுவார்கள். பிட் (சுழன்று வெட்டும் முனை) மழுங்கிவிட்டதா, லேசரில் பவர் கூடிவிட்டதா என்று தேட ஆரம்பிப்பார்கள். ஆனால் பிட்டும் லேசரும் தொடுவது வெட்டுக் கோட்டை மட்டும்தான். நடுப்பரப்பில் விழுந்த கீறல், ஷீட் எதன் மீதோ உரசியதால் வந்தது. மேடையில் கிடந்த தூளாக இருக்கலாம், அடுத்த ஷீட்டின் முனையாக இருக்கலாம், துடைத்த துணியாக இருக்கலாம், கையில் போட்டிருந்த மோதிரமாகக்கூட இருக்கலாம். அதனால் இந்தக் கட்டுரையில் வெட்டுவதைப் பற்றிச் சொல்வதைவிட, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஷீட்டை எப்படிக் கையாள்வது என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

பெயர்ப் பலகை, டிஸ்ப்ளே பெட்டி, எழுத்துகள் செய்யும் சின்னப் பட்டறையை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு சிஓ2 லேசர் (கார்பன் டை ஆக்சைடு வாயு லேசர்), ஒரு சிஎன்சி ரூட்டர் (கணினி காட்டும் கோட்டில் பிட்டைச் சுழற்றி வெட்டும் மெஷின்), 3 மிமீ தெளிவான ஷீட். தடிமன் மாறினாலும் முறை பெரிதாக மாறாது.

ஏன் இவ்வளவு சுலபமாகக் கீறுகிறது?

அக்ரிலிக்கின் வேதிப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். பிளாஸ்டிக் வகைகளுக்குள் இது கடினமானதுதான். பாலிகார்பனேட் இதைவிட எளிதாகக் கீறும். ஆனால் கண்ணாடியோடு ஒப்பிட்டால் மிக மென்மை. தெருவிலிருந்து வரும் தூசியில் மணல் துகள், அதாவது குவார்ட்ஸ் இருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7-இல் இருக்கிறது. அக்ரிலிக் அதற்குப் பக்கத்தில்கூட வராது. தூசி படிந்த ஷீட்டை உலர்ந்த துணியால் துடைப்பவர், தெரியாமல் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், கீழே சொல்லும் பெரும்பாலான விஷயங்கள் தானாகவே புரியும்.

கடையில் வாங்கும்போது

ஷீட் இரண்டு வகை. கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஊற்றி உறைய வைப்பது காஸ்ட். மெஷினில் பிழிந்து உருளைகளுக்கு நடுவே ஓட்டி எடுப்பது எக்ஸ்ட்ரூடட். எக்ஸ்ட்ரூடட் விலை குறைவு, தடிமனும் சீராக இருக்கும். ஆனால் ரூட்டரில் சூடேறினால் சீக்கிரம் இளகி பிட்டில் அப்பிக்கொள்ளும். காஸ்ட் ஷீட் உலர்ந்த சீவலாக வெட்டுப்படும், லேசரில் பொறித்தால் வெள்ளையாகத் தெளிவாகத் தெரியும். புதிதாகக் கற்பவர்கள் காஸ்ட்டில் ஆரம்பியுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் நம்பிவிடாதீர்கள்.

இரண்டு வகையிலும் இருபுறமும் காப்பு ஒட்டியிருக்கும். அது காகிதமாகவோ மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமாகவோ இருக்கும். ஷீட்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன் நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலையில் காப்பு பிரிந்து நின்றால் அந்த இடைவெளியில் தூசி புகுந்திருக்கும். ஃபிலிமின் மேலேயே நீளக் கோடு தெரிந்தால் விரலால் தடவிப் பாருங்கள். ஃபிலிம் மட்டும் கிழிந்திருந்தால் பரவாயில்லை, நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் ஷீட்டும் சேர்ந்தே கீறியிருக்கிறது. காகிதம் ஒட்டிய ஷீட்டில் இது வெளியே தெரியாது, அதனால் ஒரு மூலையை ஓர் அங்குலம் உரித்துப் பார்க்கக் கேளுங்கள். பழைய சரக்கு என்றால் அப்போதே தெரிந்துவிடும்: வெயிலிலோ நீண்ட நாள் கிடங்கிலோ கிடந்த ஷீட்டில் பசை கெட்டிப்பட்டு, காகிதம் துண்டு துண்டாகக் கிழிந்து வரும்.

தூக்குவதும் வைப்பதும்

8 அடிக்கு 4 அடி, 3 மிமீ ஷீட் ஏறக்குறைய 10.5 கிலோ வரும். கண்ணாடியில் பாதி எடைகூட இல்லை. ஒரே ஆள் தூக்கிவிடலாம் என்று தோன்றும், தூக்கிவிடவும் முடியும். ஆனால் அத்தனை பெரிய ஷீட் நடுவில் வளைந்து ஆடும். ஆடும்போது ஒரு முனை தரையிலோ அடுத்த ஷீட்டிலோ உரசும். இரண்டு பேராகத் தூக்குங்கள்.

அடுக்கிலிருந்து எடுக்கும்போது இழுக்கவே கூடாது. மேல் ஷீட்டை ஒரு பக்கம் தூக்கி, காற்று உள்ளே புக விட்டு, பிறகு முழுதாகத் தூக்க வேண்டும். காப்பு இருக்கிறதே என்று சறுக்கி இழுத்தால், இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒற்றை மணல் துகள் ஃபிலிமைத் துளைத்துக்கொண்டு எட்டடி நீளத்துக்கும் கோடு போட்டுவிடும்.

வைப்பது செங்குத்தாக, லேசாகச் சாய்த்து, பின்னால் முழுப் பலகை ஆதரவோடு. சுவரில் நேரடியாகச் சாய்த்தால் ஷீட் வயிறு தள்ளி வளைந்துவிடும். வளைந்த ஷீட் மெஷின் மேடையில் சமமாக உட்காராது, வெட்டும்போது அதிரும், அடியில் சீவல் புகும். வெயில் படும் ஜன்னல், தகரக் கூரைக்கு ஒட்டிய பரண் இரண்டும் ஆகாது. ஷீட்டுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் காப்பின் பசை கெட்டிப்பட்டுவிடும்.

காப்பு: காகிதமா, ஃபிலிமா?

பாதிப் பிரச்சினை இங்கேதான் உருவாகிறது, தீர்வதும் இங்கேதான். அடிப்படை விதி ஒன்றே: இருபுறக் காப்பும் கடைசி வேலை முடியும் வரை இருக்க வேண்டும். "வெட்டுகிற கோடு தெரியவில்லை", "உள்ளே குமிழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றெல்லாம் சொல்லி முன்னதாகவே உரிப்பது புதியவர்களின் வழக்கம். கோடு தெரிய வேண்டுமானால் காப்பின் மேலேயே பேனாவால் வரையுங்கள். இரும்பு ஊசியால் கோடு போடாதீர்கள், அது காப்பைக் கிழித்துக்கொண்டு ஷீட்டில் இறங்கும்.

ரூட்டருக்கும் ரம்பத்துக்கும் ஃபிலிம், காகிதம் இரண்டுமே நடக்கும். ஃபிலிம் என்றால் ஒரு கவனம் வேண்டும். வெட்டுக் கோட்டருகே அது தளர்ந்திருந்தால் சுழலும் பிட் அதைப் பிடித்து நூலாகச் சுற்றிக்கொள்ளும். வெட்டுவதற்கு முன் கோடு வரும் இடங்களில் கட்டை விரலால் ஒரு முறை அழுத்தி விடுங்கள்.

லேசருக்குக் காகிதம் நல்லது. தடித்த ஃபிலிம் லேசர் சூட்டில் இளகிச் சுருங்கி, வெட்டு விளிம்பில் சின்னச் சின்ன மணியாக ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்கப் போய்த்தான் கீறல் வரும். மிக மெல்லிய ஃபிலிமாக இருந்தால் சில நேரம் பிரச்சினையின்றி வெட்டுப்படும். ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சரிவராவிட்டால் ஃபிலிமை உரித்துவிட்டு, ஸ்டிக்கர் கடைக்காரர்கள் எழுத்து ஒட்டப் பயன்படுத்தும் காகித அப்ளிகேஷன் டேப்பை ஒட்டலாம். லேசான பசை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டும் முறையிலும் தப்பு நடக்கும். ஃபிலிமை உரித்த கணத்திலேயே ஷீட்டில் நிலைமின்சாரம் ஏறி, அறையில் பறக்கும் தூசி முழுவதும் அதில் வந்து உட்காரும். அதன் மேல் டேப்பை ஒட்டித் தேய்த்தால் தூசியை நீங்களே உள்ளே அழுத்துகிறீர்கள். ஆகவே ஃபிலிமை மொத்தமாக உரிக்காதீர்கள். ஒரு ஓரத்தில் நான்கு விரல் அகலம் உரித்து, அங்கே டேப்பின் நுனியை ஒட்டி, ஒரு கையால் ஃபிலிமை இழுக்க இழுக்க மறு கையால் டேப்பைப் பின்தொடர விடுங்கள். ஃபெல்ட் துணி சுற்றிய ஸ்கிராப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தால் காற்றுக் குமிழ் நிற்காது. நான்கைந்து ஷீட் ஒட்டினால் கை பழகிவிடும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கையில் இருக்கிறதே என்று வினைல் ஸ்டிக்கரைக் காப்பாக ஒட்டி லேசரில் போடக் கூடாது. வினைல் என்பது பிவிசி. அதை லேசர் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலுக்கும் கேடு, மெஷினின் லென்சையும் இரும்புப் பாகங்களையும் அரித்துவிடும்.

மேடையைச் சுத்தம் செய்வது

வேலை தொடங்குவதற்கு முன் மேடையை வாக்குவம் கிளீனரால் இழுத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து மெதுவாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். ரூட்டர் மேடையில் முந்தைய வேலையின் அலுமினியத் தூளோ திருகாணி முனையோ, அடியில் போட்டிருக்கும் எம்டிஎஃப் பலகைக்குள் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பதிந்து நிற்கும். உலோகமும் அக்ரிலிக்கும் ஒரே மெஷினில் வெட்டுகிற பட்டறை என்றால், அக்ரிலிக்குக்கென்று தனி எம்டிஎஃப் பலகை வைத்துக்கொள்வது பிற்பாடு எவ்வளவோ தலைவலியை மிச்சப்படுத்தும்.

காற்றுத் துப்பாக்கியால் ஊதிச் சுத்தம் செய்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஊதும்போது தூள் போவதில்லை, இடம் மாறுகிறது, பெரும்பாலும் ஷீட்டுக்கு அடியில் போய்ச் சேருகிறது. கம்பிரசரில் ஃபில்டர் இல்லாவிட்டால் எண்ணெயும் தண்ணீரும் கலந்த சாரல் வேறு. இழுப்பதே மேல். ஊதியே ஆக வேண்டுமென்றால் ஷீட்டை மேடையில் வைப்பதற்கு முன் ஊதி முடித்துவிடுங்கள்.

ஷீட்டை மேடையில் இறக்கும்போது ஒரு விளிம்பை முதலில் நிறுத்தி, பிறகு மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். இடம் சரியில்லை என்றால் தள்ளாதீர்கள், தூக்கி மாற்றுங்கள். பத்து மில்லிமீட்டர் தள்ளல்கூடத் தள்ளல்தான்.

ரூட்டரில் வெட்டும்போது

முதலில் ஷீட்டைப் பிடிப்பது. கிளாம்பின் இரும்பு வாய் நேராக ஷீட்டில் படாதபடி நடுவில் ஒரு எம்டிஎஃப் துண்டோ ரப்பரோ வையுங்கள். இருபக்க டேப்பால் ஒட்டுவதாக இருந்தால் அதைக் காப்பின் மேல் ஒட்டுங்கள், ஷீட்டின் மேல் அல்ல. வேலை முடிந்ததும் காப்பை உரித்தால் டேப்பும் அதோடு வந்துவிடும். சரியாகப் பிடிக்காத ஷீட் அதிரும். ஒவ்வொரு அதிர்விலும் அடிப்பரப்பு மேடையில் உரசும். அடிப்பக்கத்தில் மட்டும் திட்டுத் திட்டாக மங்கல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிட் ஒற்றைப் பல் உள்ளதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கென்று ஓ-ஃப்ளூட் என்ற பெயரில் விற்பார்கள். மேல்நோக்கிச் சீவலைத் தள்ளும் வகையே பெரும்பாலும் சரி, வெட்டிய பள்ளத்தில் சீவல் தங்காது. மரம் வெட்டிய பிட்டை இதற்குப் போடாதீர்கள்.

வேகக் கணக்கு பலருக்குப் பயமாக இருக்கும், ஆனால் அது ஒரு பெருக்கல்தான். நிமிடத்துக்கு எத்தனை சுற்று, பிட்டில் எத்தனை பல், ஒவ்வொரு பல்லும் எவ்வளவு சீவ வேண்டும் என்பது மூன்றையும் பெருக்கினால் மேடை ஓட வேண்டிய வேகம் வரும். 3 மிமீ ஒற்றைப் பல் பிட், 18,000 சுற்று, பல்லுக்கு 0.1 மிமீ என்று எடுத்தால் நிமிடத்துக்கு 1,800 மிமீ. உங்கள் மெஷின் அவ்வளவு உறுதி இல்லையென்றால் சுற்றையும் வேகத்தையும் சேர்த்தே குறையுங்கள். வேகத்தை மட்டும் குறைத்தால் பிட் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டு நிற்கும், அக்ரிலிக் சூடாகும். சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அது இளக ஆரம்பித்துவிடும். இளகிய சீவல் விளிம்பில் ஒட்டி உறையும், அதைப் பிய்த்தெடுக்கும்போது பக்கத்துப் பரப்பும் கெடும்.

எண்ணைவிடச் சீவலைப் பார்ப்பது நல்லது. சுருளாக, தனித்தனியாக, கையில் எடுத்தால் லேசான சூட்டோடு இருக்கும் சீவல் என்றால் எல்லாம் சரி. மாவு போல நுண்தூளாக விழுந்தால் வேகம் போதவில்லை. நூல் நூலாகத் தொங்கினால் சூடு அதிகம், உடனே நிறுத்துங்கள்.

வெட்டும்போதே வாக்குவம் ஓட வேண்டும். தூசி உறிஞ்சும் தலையைச் சுற்றித் தூரிகை இருந்தால் ஒன்று ஞாபகம் வையுங்கள். அந்தத் தூரிகை சீவலைப் பிடித்துக்கொண்டு ஷீட்டின் மேல் பெருக்கிக்கொண்டே போகும். மேல் காப்பு இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. காப்பை உரித்துவிட்டு வெட்டியவரின் ஷீட்டில் மட்டும் தூரிகை போன தடம் முழுக்க மெல்லிய கோடுகள் தெரியும்.

3 மிமீ ஷீட்டை ஒரே இறக்கத்தில் வெட்டாமல் இரண்டு தடவையாக ஆழப்படுத்தி வெட்டுங்கள், கடைசித் தடவை பிட் அடிப்பலகைக்குள் 0.2 மிமீ இறங்கட்டும். காஸ்ட் ஷீட்டின் தடிமன் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும் என்பதால் காலிப்பர் வைத்து அளந்த பிறகே ஆழத்தைக் கொடுங்கள். சின்னத் துண்டுகளுக்கு இரண்டு மூன்று இடத்தில் பாலம் (துண்டை ஷீட்டோடு பிடித்து வைக்கும், வெட்டாமல் விட்ட சின்னப் பகுதி) விட்டு வெட்ட வேண்டும். பாலம் இல்லாத துண்டு கடைசி நொடியில் விடுபட்டு, பிட்டில் அடிபட்டு, ஷீட்டின் மேலேயே பறந்து விழும்.

லேசரில் வெட்டும்போது

லேசரில் எதுவும் தொடுவதில்லை, பிறகு கீறல் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். சிஓ2 லேசரின் 10.6 மைக்ரான் கதிரை அக்ரிலிக் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும், வெட்டும் அழகாக வரும். ஆனால் ஷீட்டைத் துளைத்து வெளியேறிய கதிர் கீழே தேன்கூடு மேடையின் உலோகத்தில் பட்டுத் திரும்பும். அது அடிப்பரப்பில் புள்ளிப் புள்ளியாகச் சுட்ட தழும்பு விடும். பார்வைக்குக் கீறல் போலவே இருக்கும், துடைத்தால் போகாது. இதற்கு இரண்டு தடுப்பு: அடிக் காப்பை எக்காரணம் கொண்டும் உரிக்காதீர்கள், ஷீட்டை மேடையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். உயர்த்த ஊசிகள் கிடைக்கும். இல்லாவிட்டால் வெட்டுக் கோடு வராத இடமாகப் பார்த்து ஒரே தடிமனுள்ள கழிவு அக்ரிலிக் பட்டைகளை அடியில் கொடுக்கலாம்.

மேடையைத் தினமும் பாருங்கள். தேன்கூட்டின் விளிம்பில் பழைய பிசின் கருப்பாகப் படிந்து கூர்மையாக நிற்கும். அதன் மேல் ஷீட்டைத் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வரிசையும் முக்கியம். முதலில் பொறிப்பு, அடுத்து உள் துளைகள், கடைசியாக வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு சற்றே சரிந்து நிற்கும், அடுத்த வேலைக்கு வரும் லேசர் தலையின் மூக்கு அதில் இடித்து இழுத்துக்கொண்டு போகும். சரிந்த துண்டு தெரிந்தால் நிறுத்திவிட்டு எடுங்கள்.

பொறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் மேல் காப்பு இடைஞ்சல். காகிதத்தின் வழியாகவே பொறித்தால் எரிந்த பசை எழுத்துக்குள் மஞ்சளாகப் படியும். அந்தப் பகுதியை மட்டும் பிளேடு இல்லாமல், லேசரின் மிகக் குறைந்த பவரிலேயே காகிதத்தைச் சுற்றி வெட்டி உரித்துவிடலாம். எவ்வளவு பவர் என்பதைக் கழிவுத் துண்டில் சோதித்துப் பிடியுங்கள். இன்னொரு வழி, மேல் காப்பு முழுவதையும் எடுத்துவிட்டுப் பொறித்து, பிறகு மேடையை விட்டு நகர்த்தாமலே டேப் ஒட்டி வெளிக்கோடு வெட்டுவது. பொறிப்புத் தூளைத் துடைக்காமல் டேப் ஒட்டக் கூடாது. மெல்லிய தூரிகையோடு வாக்குவத்தால் இழுங்கள், கையால் தட்டாதீர்கள்.

வெட்டி முடித்ததும் மூடியை உடனே திறக்க வேண்டாம். புகை முழுவதும் போகட்டும், விளிம்பும் ஆறட்டும். சூடான விளிம்பு இன்னும் இளக்கமாக இருக்கும், தொட்டால் ரேகை பதியும், பக்கத்துத் துண்டில் பட்டால் நூல் இழுக்கும். இன்னொன்று: லேசர் ஓடும்போது மெஷினை விட்டு நகராதீர்கள். அக்ரிலிக் நன்றாக எரியும் பொருள்.

டேபிள் ரம்பத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். ரூட்டரில் ஷீட் நிற்கும், பிட் நகரும். ரம்பத்தில் ஷீட்தான் நகர்கிறது. ஆகவே அடிப்பரப்பு முழுவதும் மேடையில் தேய்ந்தே தீரும், அடிக் காப்பு கிழியாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மேடையை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள், வேலி (ஷீட்டின் ஓரம் சாய்ந்து நகரும் நேர்பட்டை) ஓரத்தில் குவியும் தூளையும் சேர்த்து. பத்து அங்குல பிளேடில் 60 முதல் 80 பல், பிளாஸ்டிக்குக்கான அரைப்பு உள்ளதாக வாங்குங்கள்.

உரிப்பது எப்போது, எப்படி

ஒட்டுவது, துளையிடுவது, வளைப்பது என்று ஏதாவது வேலை பாக்கி இருந்தால் காப்பு அப்படியே இருக்கட்டும். ஒட்டும்போது ஒரு விதிவிலக்கு. நம் ஊர்ப் பட்டறைகளில் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டுவது வழக்கம். அது தண்ணீரைவிட வேகமாக இடுக்குகளில் ஓடும். இணைப்புக்குப் பக்கத்தில் காப்பு ஒட்டியிருந்தால் அதன் அடியில் புகுந்து, ஆவியாக வழியின்றி நின்று, பரப்பை அரித்துவிடும். இணைப்பு வரும் ஓரத்தில் ஓர் அங்குலம் மட்டும் காப்பை மடித்து உரித்துக்கொள்ளுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் குளோரோஃபார்மைத் தொட வேண்டும்.

பெரிய துண்டில் உரிக்க, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஓர் அட்டைக் குழாயில் ஒட்டிச் சுருட்டிக்கொண்டே போங்கள். சீராக வரும், கையும் ஷீட்டில் படாது. பிளேடால் மூலையைக் கிளப்பும் பழக்கம் வேண்டாம். நகம் போதவில்லை என்றால் பழைய பிளாஸ்டிக் கார்டு போதும்.

சின்ன எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாக உரிப்பது பொறுமையைச் சோதிக்கும். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, மேலே அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டி அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தால் பெரும்பாலான காகிதம் அதோடு வந்துவிடும். மிச்சமிருப்பதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் சற்று நேரம் ஊறப் போட்டால் விரலாலேயே வழித்தெடுக்கலாம். தண்ணீர்த் தொட்டியில் எழுத்துகளைக் கொட்டிக் கலக்காதீர்கள், ஒன்றோடொன்று உரசும்.

கெட்டிப்பட்ட பழைய பசைக்கு மண்ணெண்ணெய் நல்ல மருந்து. மென்மையான பருத்தித் துணியில் நனைத்து வைத்து, ஊறிய பிறகு துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் கிட்டவே வரக் கூடாது.

துடைப்பது

முதலில் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரை ஷீட்டின் மேல் ஓட விட்டால் தூசி மிதந்து போகும். அதற்குப் பிறகே துணி. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை ஈரமாகவே, அழுத்தாமல், ஒரே திசையில் இழுங்கள். அதே துணியால் மேடையைத் துடைத்திருந்தால் அது ஷீட்டுக்கு ஆகாது, வேறு நிறத் துணி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. உலர்ந்த துணியால் பளபளக்கத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மறுபடியும் தூசியை இழுக்கும். ஏசி அறையில் இது இன்னும் மோசம்.

கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயில் அமோனியா இருக்கலாம், வேண்டாம். ஹேண்ட் சானிடைசரும் ஸ்பிரிட்டும் லேசரில் வெட்டிய துண்டுக்கு எதிரிகள். லேசர் சூட்டில் விளிம்புக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் அங்கிருந்து முடிபோன்ற வெடிப்புகள் உள்நோக்கி ஓடும். பலர் இதைக் கீறல் என்று நினைத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார்கள். அது மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது, எந்தப் பாலிஷும் எட்டாது. அந்த இறுக்கத்தை எடுக்க வெட்டிய துண்டுகளை 80 டிகிரி சூட்டு அடுப்பில் சில மணி நேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே மெதுவாக ஆற விடுவார்கள். ஒட்டு வேலைக்குப் போகும் விலை உயர்ந்த துண்டுகளுக்கு இது செய்யத் தகுந்தது.

விழுந்துவிட்டால்

விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சை ஷீட்டின் ஓரத்திலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருந்த கீறல் எல்லாம் வெள்ளிக் கம்பியாக எழுந்து நிற்கும். நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கார் பாலிஷ் கடையில் கிடைக்கும் மென்மையான காம்பவுண்டை மைக்ரோஃபைபரில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் போய்விடும்.

நகம் மாட்டினால் வாட்டர் பேப்பர் வேண்டும். 800-இல் ஆரம்பித்து 1000, 1500, 2000 என்று ஏற வேண்டும், தண்ணீரோடு, ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றி. முந்தைய தாளின் கோடு முழுவதும் மறைந்த பிறகே அடுத்த தாளுக்குப் போகலாம். கீறலின் மேல் மட்டும் தேய்க்காதீர்கள், குழி விழுந்து அந்த இடத்தில் பின்னால் உள்ள எழுத்து நெளிந்து தெரியும். சுற்றிலும் உள்ளங்கை அகலம் சேர்த்துத் தேய்க்க வேண்டும். கடைசியில் காம்பவுண்டு. மெஷினில் பாலிஷ் போட்டால் சக்கரத்தை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், சூட்டில் பரப்பு உருகிவிடும்.

மிரர் அக்ரிலிக்கில் பின்புறப் பூச்சில் விழுந்த கீறலுக்கு மட்டும் இந்த வழி எதுவும் செல்லாது. பூச்சு போன இடம் முன்னாலிருந்து பார்த்தால் கருங்கோடாகவோ வெளிச்சக் கோடாகவோ தெரியும், திரும்பப் பூச முடியாது. மிரர் ஷீட்டின் பின்பக்கம் எப்போதும் மேடையில் சறுக்கக் கூடாது, பின்புறக் காப்பில்லாத சரக்காக இருந்தால் வெட்டுவதற்கு முன் நீங்களே டேப் ஒட்டிவிடுங்கள்.

முடித்த துண்டுகளைக் கட்டும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் ஷீட் வையுங்கள். பழைய செய்தித்தாள் வேண்டாம், அதில் மையும் தூசியும் இருக்கும். கட்டு தளர்ந்து ஆடாதபடி இறுக்கமாக, ஆனால் வளையாதபடி. அரை மணி நேரம் பாலிஷ் போட்டுத்தான் மீட்க முடியும் என்ற நிலையில் இருக்கும் 3 மிமீ துண்டைப் புதிதாக வெட்டுவதே பல நேரம் மலிவு. கீறல் விழுந்ததை எறியாமல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த ஷீட்டில் பவரும் வேகமும் சோதிக்க அதுதான் வேண்டும்.